அமெரிக்க ஷிப்ட் டென்ஷன்: எதுல இருந்து வருது, என்ன பண்ணலாம்?

டீம் லீட், வாய்ஸ் ப்ராசஸ்:
அமெரிக்கக் கஸ்டமர்களுக்காக ராத்திரியில போன்ல பேசுற நம்ம கால் சென்டர் வேலையில, வேலை அதிகம்கிறதால மட்டும் யாரும் உடைஞ்சு போறதில்லை. நெருக்கடி நிறைய, முடிவெடுக்கிற உரிமை கம்மி, இது ரெண்டும் சேர்ற இடம்தான் மோசம்னு வேலை நெருக்கடியை ஆராய்ஞ்ச ராபர்ட் காரசெக் 1979-லயே எழுதிட்டாரு. கால் சென்டர் அச்சு அசல் அதேதான். கஸ்டமர் கன்னாபின்னான்னு திட்டிட்டு வைப்பாரு. கால் தானாவே கனெக்ட் ஆகுற ஆட்டோ-ஆன்சர்ல அடுத்த பீப் காதுல விழுந்துடும். முந்தின கால்ல வந்த எரிச்சல் புது கஸ்டமர் மேல போகும், குவாலிட்டி மார்க்கும் கூடவே போகும். அந்த மாதிரி கால் முடிஞ்சதும் ஹெட்செட்டைக் கழட்டிடுங்க. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்க. ஆறு தடவை, ஒரே நிமிஷம். விடுற மூச்சு நீளமா இருந்தாதான் படபடப்பு அடங்கும். லீடுங்க இதுக்குத் தனி ஆக்ஸ் கோட் (கால் எடுக்காம இருக்கிற நேரத்தை சிஸ்டத்துல குறிக்கிற கோட்) கொடுக்கணும். ஏ.எச்.டி, அதாவது ஒரு காலுக்கு ஆகுற சராசரி நேரக் கணக்குல சேர்த்தா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கேம்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கம்பெனி கிளினிக் நர்ஸ்:
லீட் சார் சொன்னது சரி, ஆனா பாதி டென்ஷன் தூக்கக் கடன்தான், அதாவது நாளுக்கு நாள் சேர்ந்துபோன தூக்கக் குறைவு. காபி குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆனாலும் அதுல ஏறக்குறைய பாதி உடம்புல இருக்கும். காலை 6 மணிக்குப் படுக்கிறவங்க நடுராத்திரியோட காபியை நிறுத்திடணும். பிரேக்ல தூங்கினா 20 நிமிஷம், அலாரம் வச்சு. முக்கால் மணி நேரம் போனா ஆழ்ந்த தூக்கத்துல மாட்டி, எழுந்ததும் மந்தமா இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி கார்ல வீட்டுக்கு வர்றப்போ வெயில் வந்துட்டா கூலிங் கிளாஸ் போடுங்க, வெளிச்சம் பட்டா மூளை பகல்னு முடிவு பண்ணிடும். வீக் ஆஃப்ல முழுசா பகலுக்கு மாறாம, ராத்திரி 2, 3 மணிக்குப் படுங்க. இன்னொண்ணு, நியூயார்க் காலை 9 மணி நமக்குக் கோடையில மாலை 6.30, குளிர்காலத்துல 7.30. அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்துறதால, மார்ச்லயும் நவம்பர்லயும் லாகின் மாறுற வாரம் சண்டை சச்சரவு கூடும். ஒரு வாரம் முன்னாடியே தினம் பத்துப் பத்து நிமிஷமா தூக்கத்தை நகர்த்துங்க.

எச்.ஆர்:
அசதி, வேலை மேல வெறுப்பு, எதையும் உருப்படியா செய்ய முடியலைங்கிற எண்ணம், மூணும் சேர்ந்தா பர்ன்-அவுட். 2019-ல உலக சுகாதார நிறுவனம் இதை நோயா இல்லாம, வேலை சார்ந்த நிலையாத்தான் பட்டியல்ல வச்சுது. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல மனசு விடாம சோர்ந்தே கிடந்தா அது வேற, டாக்டரைப் பாருங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

டீம் லீட், வாய்ஸ் ப்ராசஸ்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மெயில்ல "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு"ன்னு எழுதினா நகராது. எந்தத் தேதி வீக் ஆஃப் ரத்தாச்சு, எந்தெந்த நாள் ஷிப்ட் நீண்டுச்சு, என்ன மாத்தணும்னு எழுதுங்க. ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) போடறவங்களுக்குத் தேதிதான் புரியும்.