பறவை அம்மை வைரஸ்: பி4பி துண்டை வைத்துப் பரிணாம வேகம் கணிக்கலாமா?

கேள்வி

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்திலிருந்து, வைரஸின் உள்ளகப் புரதம் ஒன்றுக்கான பி4பி மரபணுத் துண்டு (578 கார இணை) 60 வரிசைகள் எடுத்தேன், 1990 முதல் 2022 வரை. கோழி அம்மை, கேனரி அம்மை, கிளி அம்மை மூன்று பிரிவும் கலந்திருக்கின்றன. பரிணாமக் காலத்தைக் கணிக்கும் பீஸ்ட் நிரலில் தளர்வான கடிகாரத்தோடு (கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்ற மாதிரி) ஓட்டினால் தளம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 9 × 10⁻⁴ பதிலீடு வருகிறது. இது டி.என்.ஏ வைரஸ் ஆயிற்றே, ஆர்.என்.ஏ வைரஸ் போல இவ்வளவு வேகமா? முடிவைச் சோதிக்கும் ட்ரேசர் நிரலில் ஈ.எஸ்.எஸ் (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) எல்லாமே 200-க்கு மேல்தான்.

பதில் 1

ஈ.எஸ்.எஸ் 200-ஐத் தாண்டினால் நிரல் மாதிரி எடுக்கும் சங்கிலி நன்றாகக் கலந்திருக்கிறது என்றுதான் பொருள். விடை சரி என்பதற்கு அது சாட்சி இல்லை.

முதலில் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த 578-இல் இரு முனையிலும் 20 காரங்கள் பிரைமருடையவை (துண்டைப் பெருக்க நாம் சேர்க்கும் குறுவரிசை), வைரஸுடையவை அல்ல. வெட்டினால் மிஞ்சுவது 538. அம்மை வைரஸின் பாலிமரேஸ் தன் பிழையைத் தானே திருத்தும். வேகம் 10⁻⁵-ஐ ஒட்டித்தான் இருக்கும். 2 × 10⁻⁵ என்றே வைத்தாலும் இந்தத் துண்டில் ஒரு மாற்றம் நேர ஏறக்குறைய 93 ஆண்டுகள் ஆகும். உங்கள் கால வீச்சோ 32 ஆண்டு. ஒரே ஒரு வரிசைவாசிப்புப் பிழை 93 ஆண்டுப் பரிணாமமாக வேடம் போடும்! தரவு பேசாத இடத்தில் முன்பரவல்தான் (தரவைப் பார்க்கும் முன்பே நாம் கொடுத்த ஊகம்) பேசும்.

உறுதிசெய்ய, தரவை நீக்கிவிட்டு முன்பரவலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகத்தின் பரவல் இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. பிறகு டெம்பெஸ்ட் நிரலில் வேர்-நுனித் தூரத்தை (கிளைமரத்தின் வேரிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் உள்ள மாற்ற அளவு) ஆண்டுக்கு எதிராக வரையுங்கள். சரிவு எதிர்மறையாகவோ தட்டையாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பதில் 2

தேதிகளையும் பாருங்கள். பதிவேற்றிய ஆண்டை மாதிரி எடுத்த ஆண்டாகப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சேகரித்த ஆண்டு தெரியாவிட்டால் அந்த நுனிக்கு ஒரு தேதி வரம்பு கொடுங்கள். தடுப்பூசித் திரிபுகளையும், கருமுட்டையில் பலமுறை வளர்த்தவற்றையும் நீக்குங்கள். உறைவுலர்த்திய குப்பியில் கடிகாரம் ஓடாது. ஆய்வகத்தில் வளர்க்கும்போது அது வேறு வேகத்தில் ஓடும்.

மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஓட்டுவதும் ஆபத்து. பழைய மாதிரிகள் ஒரு பிரிவிலும் புதியவை இன்னொன்றிலும் குவிந்திருந்தால், பிரிவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை நிரல் காலத்தின் கணக்கில் எழுதிவிடும். ஒவ்வொரு பிரிவையும் தனியே ஓட்டி, தேதிகளைக் குலுக்கி 10 முதல் 20 முறை மறுபடி ஓட்டுங்கள். உண்மைத் தேதிகள் தரும் வேகத்தின் நம்பக இடைவெளி குலுக்கியவற்றோடு மேற்பொருந்தினால் கால அடையாளம் இல்லை.

கேட்டவர்

முன்பரவலை மட்டும் ஓட்டினேன். வளைவு அப்படியே பொருந்துகிறது. முழு மரபணுத்தொகைக்கு மாறினால் தீருமா?

பதில் 3

பெருமளவு தீரும், ஆனால் முழுதாகப் போடாதீர்கள். கோழி அம்மையின் தொகை சுமார் 288 ஆயிரம் கார இணை, கேனரி அம்மையினது 360 ஆயிரம். இரு முனைகளின் தலைகீழ் மறுதொடர்களையும் (ஒரே வரிசை எதிர்த்திசையில் திரும்ப வரும் பகுதிகள்), ஒன்றையொன்று ஒத்த அங்கிரின் மரபணுக் குடும்பத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே ஒப்பீடு தவறிவிடும். கோழி அம்மைத் திரிபுகள் பலவற்றில் ஆர்.இ.வி என்ற ரெட்ரோவைரஸ் முழுதாகவோ துணுக்காகவோ செருகியிருக்கும். அதன் வரலாறே வேறு, கணக்கில் சேராதபடி மறைத்தாக வேண்டும். மறுசேர்க்கை (வைரஸ்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்ததா என்ற சோதனையைக் கிளைமரம் வரையும் முன்பே செய்யுங்கள்.

நடுப்பகுதிப் பொது மரபணுக்களில் 1,00,000 தளம் தேறினால், 10⁻⁵ வேகத்தில் ஆண்டுக்கு ஒரு மாற்றம். 32 ஆண்டு அப்போது போதும்.

கால வீச்சை நீட்டவும் வழி உண்டு. கலாபகஸ் தீவுகளில் 1900-ஐ ஒட்டிச் சேகரித்த அருங்காட்சியகப் பறவைகளின் புண்களிலிருந்து இந்த வைரஸின் டி.என்.ஏ கிடைத்திருக்கிறது. ஆனால் பழைய டி.என்.ஏ-வில் சைட்டோசின் சிதைந்து தைமினாக வாசிக்கப்படும். அந்தப் போலி மாற்றங்கள் பழைய நுனியை நீட்டி, வேகத்தைக் குறைத்துக் காட்டும். அந்த வகை மாற்றங்களை நீக்கி ஒருமுறை, நீக்காமல் ஒருமுறை ஓட்டி இரண்டு எண்களையும் வெளியிடுங்கள்.