பழைய ஜென்: இன்ஜின் மவுண்டிங்கைக் கெட்டியானதாக மாற்றலாமா?

மலைப்பாதை ஜென்
வணக்கம். என்னிடம் இருப்பது 2003 மாருதி ஜென், பெட்ரோல், 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அப்பா வாங்கியது, விற்க மனசில்லை.

சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. கிளட்சை விட்டதும் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கோத்தகிரி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மிதித்தால் கியர் லீவர் கையோடு முன்னும் பின்னும் போய்வருகிறது. போன வருஷம் வலது பக்க மவுண்டிங்கை (இன்ஜினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வைத்த பாகம்) மட்டும் லோக்கல் பார்ட் போட்டு மாற்றினார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை.

ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் (ரப்பர் மாதிரியே, ஆனால் அதைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்) மவுண்டிங் போட்டால் ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார் நண்பர். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டு பக்கமும் அதையே போட்டுவிடலாமா?

பழைய பட்டறை
தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. பானட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்துக் கால் பிரேக்கையும் அழுத்தச் சொல்லுங்கள். முதல் கியரில் கிளட்சை மெதுவாகப் பாதி விடட்டும், அப்புறம் ரிவர்ஸில். நீங்கள் வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்து ‘டொக்’கென்று உட்கார்ந்தால் அந்தப் பக்க ரப்பர் போய்விட்டது. மவுண்டிங் ரப்பரின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பாருங்கள்.

வலது பக்கம் இரண்டே மாதத்தில் போனதற்குக் காரணம் பார்ட் மட்டும் இல்லை என்பது என் கணிப்பு. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக முடுக்கிய ஒரே கட்டி. முன்சக்கர வண்டியில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு (சுழற்றும் விசை) அத்தனையும் திருப்பி மவுண்டிங்கில்தான் விழும். முதல் கியரில் அது இன்ஜின் தரும் முறுக்கைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மொத்தம் மூன்று மவுண்டிங்; தொய்ந்துபோன பழைய இரண்டுக்கு நடுவில் புதிது ஒன்றை வைத்தால் மொத்த அடியையும் அதுவே வாங்கும். மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும்.

நெடுஞ்சாலை எஸ்டீம்
பாலியூரிதேன் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். என் மாருதி எஸ்டீம் காரில் எல்லா இடத்திலும் போட்டேன். கியர் விழுவது கச்சிதமாக ஆனது, ஏற்றத்தில் மிதித்ததும் வண்டி உடனே இழுத்தது. ஆனால் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும் அளவு அதிர்வு. ஏ.சி. போட்டால் என் அம்மாவால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை.

ரப்பரின் கெட்டித்தன்மை ஷோர் ஏ அளவில் (எண் கூடினால் கெட்டி கூடும்) ஏறக்குறைய 50, 60. பாலியூரிதேன் 70-இல் தொடங்கி 95 வரை வருகிறது. அதிர்வை விழுங்க வேண்டிய இடத்தில் அது அதிர்வை அப்படியே பாடிக்குக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் எடை தாங்கும் இரண்டு பக்கமும் ஒரிஜினல் ரப்பருக்குத் திரும்பினேன். முறுக்கைத் தடுக்கும் பின்பக்கத்தில் மட்டும் 70 அளவு பாலியூரிதேனை விட்டுவைத்தேன். அதிலும் ஐட்லிங்கில் கொஞ்சம் தெரியும், ஆனால் பழகிவிடும்.

மலைப்பாதை ஜென்
சோதித்தேன் அண்ணா. ரிவர்ஸில் இன்ஜின் இரண்டு விரற்கடை எழுந்து உட்கார்ந்தது. பின்பக்க ரப்பர் கிழிந்து, நடுக்குழாய் இரும்பிலேயே இடிக்கிறது. போன வருஷம் போட்ட வலது பக்கத்தைத் தொட்டால் விரலில் ஆயில் ஒட்டுகிறது, ரப்பர் ஊறி நுங்கு மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேன் பசையைப் பழைய மவுண்டிங்கில் நிரப்பினால் போதும் என்கிறார் இன்னொருவர். செய்யலாமா?

பழைய பட்டறை
அந்த ஆயில்தான் குற்றவாளி. ஆயில் பட்டால் மவுண்டிங் ரப்பர் ஊதி நைந்துவிடும், எந்தக் கம்பெனி பார்ட் போட்டாலும் இதே கதிதான். மேலே டேப்பட் கவர் பேக்கிங்கை (இன்ஜினின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை) பாருங்கள். முதலில் அதை மாற்றி, இன்ஜினைத் துடைத்துக் கழுவிவிட்டுத்தான் மவுண்டிங்.

பசை வேண்டாம். ஆயில் ஊறிய ரப்பரில் அது பிடிக்காது. கனமாக நிரப்பினால் உள்ளே காயப் பல நாள் ஆகும்.

மாட்டும் முறையில்தான் பெரும்பாலான பேர் தவறுகிறார்கள். ஜாக்கியை ஆயில் சேம்பரில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நேரடியாக வைக்காதீர்கள். அது தகடு, உள்ளே நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் வலை அடைபடும். அகலமான மரக்கட்டை வைத்து, எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், ஆனால் எந்த போல்டையும் முழுசாக முடுக்க வேண்டாம். மூன்றும் மாட்டியபின் ஜாக்கியை இறக்கி, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். இன்ஜின் தனக்கான இடத்தில் உட்காரும். அணைத்துவிட்டு அப்புறம் முடுக்குங்கள். இழுத்துப் பிடித்து முடுக்கினால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதிர்வும் போகாது, ஆயுசும் பாதியாகும்.

குடும்ப வண்டிக்கு மூன்றும் ஒரிஜினல் ரப்பரே என் முடிவு. ஊரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள்.

மலைப்பாதை ஜென்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டேப்பட் கவர் பேக்கிங்கும் மூன்று மவுண்டிங்கும் மாற்றினோம், நீங்கள் சொன்ன வரிசையிலேயே. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பின்பக்கத்தில் நடுக்குழாய் ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது தெரிந்தது.

‘டொக்’ சத்தம் அடியோடு போய்விட்டது. நேற்று கோத்தகிரி போய்வந்தேன், கொண்டை ஊசி வளைவுகளில் கியர் லீவர் அசையவே இல்லை. ஏ.சி. போட்டால் மட்டும் சன்னமாக ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கிறது.

பழைய பட்டறை
மகிழ்ச்சி தம்பி. அது மவுண்டிங் இல்லை. ஏ.சி. போட்டதும் ஆர்.பி.எம். இறங்குகிறதா பாருங்கள். ஐட்லிங்கில் காற்றை அளந்து விடும் ஐட்லிங் வால்வில் கரி படிந்திருக்கும். த்ராட்டில் பாடியோடு (ஆக்சிலேட்டருக்கு ஏற்ப இன்ஜினுக்குக் காற்று விடும் பாகம்) சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டு எழுதுங்கள்.