எக்ஸ்பியோடு கோப்புப் பகிர எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடலாமா?

பழையபெட்டி:
வீட்டில் மூன்று கணினிகள்: விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, விண்டோஸ் 7, புதிதாக விண்டோஸ் 10 ஹோம். எக்ஸ்பியைக் கழித்துவிட முடியாது. அதில் மாட்டியிருக்கும் ஃபிலிம் ஸ்கேனருக்கு அடுத்து வந்த எந்த விண்டோஸுக்கும் டிரைவர் கிடைக்கவில்லை. பழைய நெகட்டிவ்களை அதில் ஸ்கேன் செய்து 10-க்குக் கொண்டுவர வேண்டும். 10 போட்ட புதிதில் எக்ஸ்பியின் ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்தது. நடுவில் கொஞ்ச நாள் ஸ்கேன் வேலை இல்லை. இப்போது திறந்தால், இந்தப் பகிர்வுக்கு வழக்கொழிந்த எஸ்எம்பி1 நெறிமுறை (விண்டோஸ் கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புப் பகிரும் முறையின் முதல் பதிப்பு) தேவை, அது பாதுகாப்பில்லாதது என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. நான் எந்த அமைப்பையும் தொடவில்லை. எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடுவது சரிதானா?

நேர்வழி:
நீங்கள் தொடவில்லை, விண்டோஸே எடுத்துவிட்டது. 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து ஹோமில் எஸ்எம்பி1-இன் கிளையன்ட் பகுதி (பிற கணினியின் ஃபோல்டரைத் திறப்பது) மட்டும்தான் வரும், சர்வர் பகுதி (தன் ஃபோல்டரைப் பிறருக்குத் தருவது) வராது. கணினி ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு மொத்தம் 15 நாள் அதற்கு வேலை இல்லாவிட்டால் அந்தக் கிளையன்டும் தானாக நீங்கிவிடும். எக்ஸ்பிக்கோ எஸ்எம்பி1 தவிர வேறு தெரியாது. எஸ்எம்பி2 எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவோடு வந்தது.

கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களை ஆன், ஆஃப் செய்யும் பட்டியலைத் திறங்கள். எஸ்எம்பி 1.0 என்ற வரியை விரித்தால் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும்: தானாக நீக்குவது, கிளையன்ட், சர்வர். மேல் வரியில் டிக் அடித்தால் மூன்றிலும் டிக் விழுந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளையன்டில் மட்டும் டிக் இருக்கட்டும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி திறக்கும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் வீட்டு நெட்வொர்க்கில் இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

வலைக்காவல்:
அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. 2017 மே மாதம் வானாகிரை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்) பரவியது இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் எம்எஸ்17-010 என்ற பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தும், நிலைமையைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அதற்கும் தனியாக ஒரு பேட்ச் வெளியிட்டது. அவ்வளவு பெரிய ஆபத்து அது.

ரவுட்டர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், சரி. வெளியில் எங்கேயோ வைரஸ் ஏறிய ஒரு லேப்டாப்பை யாராவது கொண்டுவந்து உங்கள் வைஃபையில் சேர்த்தால்? அது ரவுட்டருக்கு உள்ளே இருக்கிறது. அங்கே தடுக்க எதுவும் இல்லை. ஸ்கேன் செய்ததை யூஎஸ்பி டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள். எஸ்எம்பி1 வேண்டாம்.

நேர்வழி:
யூஎஸ்பி பாதுகாப்பு என்று யார் சொன்னது? 2008-இல் வந்த கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு, யூஎஸ்பியை மாட்டியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வழியாகவும்தான் பரவியது. அதுவும் போக, டிரைவ் ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் என்றால் எக்ஸ்பிக்குத் தனியாக ஒரு அப்டேட் போட வேண்டும். தினமும் ஸ்கேன் செய்கிறவர் எத்தனை முறை மாட்டிக் கழற்றுவார்?

இன்னொன்று. வானாகிரை தாக்கியது எஸ்எம்பி1 சர்வரை. நான் போடச் சொன்னது கிளையன்டை. கிளையன்ட் எந்தப் போர்ட்டையும் (நெட்வொர்க்கிலிருந்து பிறர் நுழையும் வாசல்) திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை. புதிய நெறிமுறைக்கும் ஓட்டை வந்ததே. 2020 மார்ச்சில் எஸ்எம்பி 3.1.1-இன் சுருக்கும் வசதியில் வந்ததை மறந்துவிட்டீர்களா?

வலைக்காவல்:
மறக்கவில்லை. அந்த விவரம் கசிந்து இரண்டு நாளில், மார்ச் 12 அன்று பேட்ச் வந்தது. எக்ஸ்பியில் நாளைக்கு ஒன்று கண்டுபிடித்தால் யார் பேட்ச் தருவார்கள்?

கிளையன்ட் மட்டும் என்கிறீர்கள். 10 கிளையன்ட் என்றால் எதிரில் எக்ஸ்பி சர்வராக இருந்தாக வேண்டும். அதாவது மூன்றில் பலவீனமான பெட்டி 139, 445 போர்ட்டுகளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். 10-ஐப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறீர்கள்.

கம்பிக்காரர்:
இரண்டு பேரும் 10-ஐயும் எக்ஸ்பியையும் வைத்தே வாதாடுகிறீர்கள். நடுவில் ஒரு விண்டோஸ் 7 இருப்பதாக நண்பர் முதலிலேயே எழுதியிருக்கிறார். அதுதான் வழி.

விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி1-உம் தெரியும், எஸ்எம்பி 2.1-உம் தெரியும். பகிரும் ஃபோல்டரை எக்ஸ்பியில் வைக்காமல் 7-இல் வையுங்கள். எக்ஸ்பி அங்கே போய்ப் படத்தை வைக்கட்டும், 10 அங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும். 10-இல் எஸ்எம்பி1 தேவையே இல்லை. எக்ஸ்பியும் வெறும் கிளையன்ட் ஆகிவிடுவதால், அதன் ஃபயர்வாலில் விதிவிலக்கே அனுமதிக்காதே என்ற கட்டத்தை டிக் செய்து மொத்தமாக மூடிவிடலாம். வலைக்காவல் சொன்ன 139-உம் 445-உம் அங்கே அடைபட்டுவிடும்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க, 7-இன் ஃபோல்டரை 10-இல் திறந்து வைத்துக்கொண்டு பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை அட்மினாக ஓட்டி, 'கெட்-எஸ்எம்பிகனெக்ஷன்' கட்டளையைக் கொடுங்கள். எந்த எஸ்எம்பி பதிப்பு என்று காட்டும் டயலெக்ட் என்ற நெடுவரிசையில் 2.1 என்று வர வேண்டும்.

பழையபெட்டி:
இந்த யோசனை நன்றாக இருக்கிறது. 10-இலிருந்து 7 திறக்கிறது, 2.1 என்றே காட்டுகிறது. எக்ஸ்பியில்தான் சிக்கல். நெட்வொர்க் பட்டியலில் 7 சில சமயம் தெரிகிறது, சில சமயம் காணவில்லை. தெரியும்போது சொடுக்கினால் பாஸ்வேர்டு கேட்கிறது. 7-இல் நான் பாஸ்வேர்டே வைக்கவில்லை. காலியாக விட்டு என்டர் தட்டினால் ஏற்க மறுக்கிறது.

கம்பிக்காரர்:
இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

பட்டியலில் தெரிவதும் இணைப்பு கிடைப்பதும் ஒன்றல்ல. எக்ஸ்பி காட்டும் பட்டியல் கம்ப்யூட்டர் பிரௌசர் என்ற பழைய சேவையிலிருந்து வருவது. நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்து, அது பட்டியலை வைத்துக்கொள்ளும். தலைமைப் பெட்டியை அணைத்தால் பட்டியல் குழம்பும், திரும்பச் சரியாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பணிக்குழுப் பெயர் வேறாக இருந்தாலும் தேடுகிற இடத்தில் இருக்காது. எக்ஸ்பி ஹோம் என்றால் இயல்பாக எம்எஸ்ஹோம் என்றும் 7-இல் வொர்க்குரூப் என்றும் இருக்கும். ஆனால் இதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 7-க்கு ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். எக்ஸ்பியில் ரன் பெட்டியைத் திறந்து, இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்த முகவரியை அடியுங்கள். திறந்தால் அதையே நெட்வொர்க் டிரைவாக மாட்டிவிடுங்கள். திறக்காவிட்டால் அந்த முகவரிக்கு பிங் கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பிங்கும் போகாவிட்டால் 7-இல் அந்த நெட்வொர்க் பொது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஆன்டிவைரஸின் ஃபயர்வால் மிச்சம் இருந்தாலும் இப்படி ஆகும்.

பாஸ்வேர்டு விஷயம்: பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழையலாம், நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸின் இயல்பான விதி அது. 7-இல் ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு சாதாரணக் கணக்கு தொடங்கி பாஸ்வேர்டு வையுங்கள். எக்ஸ்பி கேட்கும்போது அந்தப் பெயரைக் கொடுங்கள்.

வலைக்காவல்:
எக்ஸ்பியை மூடியது நல்லது, அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் 7-ஐ நம்பி நடுவில் வைக்கச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வானாகிரையில் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை பேட்ச் போடாத விண்டோஸ் 7 பெட்டிகள். எக்ஸ்பி பெட்டிகள் பெரும்பாலும் அதைத் தாங்காமல் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. எஸ்எம்பி1 சர்வரை எக்ஸ்பியிலிருந்து 7-க்கு மாற்றியிருக்கிறீர்கள், ஒழிக்கவில்லை.

செய்துதான் ஆக வேண்டும் என்றால், 7-இல் 2017 மார்ச்சுக்குப் பிந்தைய மாதாந்திரத் தொகுப்பு அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜனவரியில் ஆதரவு முடியும் வரை வந்தவை எல்லாம் இருந்தால் நல்லது. 7-இன் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான உள்வரும் விதிகளைத் திறந்து, எக்ஸ்பி, 10 இரண்டின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் அனுமதி என்று குறுக்குங்கள். அந்த இரண்டுக்கும் நிலையான முகவரி வேண்டும். எக்ஸ்பியில் ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். வீட்டுக்குள் பேசும், இணையத்துக்குப் போகாது.

நேர்வழி:
ஒரு ஃபோல்டருக்காக இத்தனை பூட்டா? நான் சொன்னதில் ஒரே ஒரு டிக்தான். ஆனால் கேட்வேயைக் காலியாக விடுவது எனக்கும் பிடித்திருக்கிறது. இணையமே இல்லாத எக்ஸ்பிக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். 7 இல்லாதவர்களுக்கு என் வழியோடு அதையும் சேர்த்தால் போதும் என்றே இப்போதும் சொல்வேன்.

வலைக்காவல்:
7 இல்லாதவர்கள் நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டியில் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய நெறிமுறை) சர்வர் வைக்கலாம். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரரே எஃப்டிபி முகவரியைத் திறக்கும். கட்டளை வரியில் அனுப்புகிறவர்கள் முதலில் 'பைனரி' என்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் உரைக்கோப்பு போலப் போய்க் கெட்டுவிடும். பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் என்பதால் வேறெங்கும் வைக்காத பாஸ்வேர்டாக இருக்கட்டும். லினக்ஸில் எஸ்எம்பி பேசும் சாம்பாவே வேண்டும் என்றால், 2019-இல் வந்த 4.11-இலிருந்து எஸ்எம்பி1 இயல்பாக அணைந்திருக்கும். அதை அணைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பழையபெட்டி:
தனிக் கணக்கு, ஐபி முகவரி, கேட்வே காலி எல்லாம் செய்துவிட்டேன். எக்ஸ்பியில் 7-இன் ஃபோல்டர் டிரைவாக வந்துவிட்டது, உள்ளே இருப்பது தெரிகிறது. ஆனால் படத்தைச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. செக்யூரிட்டி பக்கத்தில் ஸ்கேன் கணக்குக்கு முழு அனுமதி கொடுத்திருக்கிறேனே?

கம்பிக்காரர்:
அது என்டிஎஃப்எஸ் அனுமதி, அதாவது டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கான அனுமதி. ஷேரிங் பக்கத்தில், அட்வான்ஸ்டு ஷேரிங்குக்குள் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அங்கே எவ்ரிஒன் என்பதற்குப் படிக்கும் அனுமதி மட்டும்தான் இயல்பாக இருக்கும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு, ஸ்கேன் கணக்குக்கும் 10 உள்ளே வரும் கணக்குக்கும் மாற்றும் அனுமதி கொடுங்கள். எக்ஸ்பியில் ஒருமுறை லாக்ஆஃப் செய்து வந்து சேமித்துப் பாருங்கள்.

பழையபெட்டி:
சேமிக்கிறது. 10-இலும் உடனே தெரிகிறது.

வலைக்காவல்:
10-க்கு எடுத்த படங்களை வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் போட்டு, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.