ரெண்டரில் 520 லக்ஸ், நேரில் 340: இந்த வெளிச்சக் கணக்கை நம்பலாமா?

மேசைவிளக்கு:
ஓர் அலுவலக அறை. அறையைக் கணினியில் நிஜம் போல வரைந்து காட்டும் ரெண்டர் மென்பொருளிலேயே இருக்கும் வெளிச்ச அளவு வசதியைப் போட்டு, வண்ண வரைபடம் எடுத்து, மேசை மட்டத்தில் சராசரி 520 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வரும் என்று வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டேன். விளக்கெல்லாம் மாட்டி முடித்த பிறகு ஓர் இரவு மீட்டரோடு போய் அளந்தால் 340. பகல் வெளிச்சம் துளியும் இல்லை, விளக்கு மட்டும்தான், விளக்குக் கம்பெனி கொடுத்த ஐஈஎஸ் கோப்பைத்தான் (விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஒளி தருகிறது என்ற அளவு) போட்டேன், அப்படியும் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். படம் போடுவதற்காகச் செய்த மென்பொருள் லக்ஸ் எண்ணைக் காட்டவே கூடாது என்பது என் முடிவு. காட்டினால் நாம் நம்பிவிடுகிறோம்.

கதிர்ப்பாதை:
இதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் கொடுத்ததை வைத்துத்தான் அது கணக்குப் போட்டது. சுவருக்கும் கூரைக்கும் என்ன வெள்ளை கொடுத்தீர்கள்? நிற எண் உச்ச அளவான 255, 255, 255 என்றால், விழுந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் சுவர் என்று பொருள். அப்படி ஒரு பெயின்ட் கிடையாது. புதிதாக அடித்த நல்ல வெள்ளையே 80, 85 சதவீதம்தான் திருப்பும். மூடிய அறையில் ஒளி சுவருக்குச் சுவர் பலமுறை மோதுவதால் ஒவ்வொரு மோதலிலும் அந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். அப்புறம், படம் போடும் மென்பொருள் என்று ஒதுக்குவதும் சரியில்லை. 3டிஎஸ் மேக்ஸ் டிசைன் 2009 என்ற ரெண்டர் மென்பொருளை ரைன்ஹார்ட், ப்ரெட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிஜ அறையில் அளந்த பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டார்கள், பக்கத்திலேயே, வெளிச்சக் கணக்குக்கென்றே செய்த ரேடியன்ஸ் எஞ்சினில் ஓடும் டேசிம் மென்பொருளையும் வைத்தார்கள். இரண்டின் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

மேசைவிளக்கு:
சரி, 255 தான் கொடுத்திருந்தேன், அது என் தவறு. ஆனால் நீங்கள் சொல்லும் ஒப்பீடு ஒரு பதிப்புக்கு, அதிலும் அதற்குள் ஒளியைக் கணக்கிட்ட அன்றைய மென்டல் ரே எஞ்சினுக்குச் செய்தது. என் திரையில் ஓடுவது வேறு எஞ்சின். வெளிச்ச மென்பொருள்களைச் சோதிப்பதற்கென்றே சிஐஈ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பின் 171:2006 என்று ஓர் ஆவணம் இருக்கிறது. விடை முன்பே தெரிந்த எளிய அறைகளைக் கொடுத்து, மென்பொருள் அதே விடைக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். என் மென்பொருளின் உதவிப் பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 255 கொடுத்தபோது ஓர் எச்சரிக்கையும் வரவில்லை.

புள்ளிநீக்கி:
இருவரும் சுவரின் நிறத்தையும் மென்பொருளின் பெயரையுமே பேசுகிறீர்கள், ரெண்டர் அமைப்புகளையும் பாருங்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்காமல் இருக்க, மிகப் பிரகாசமான கதிர்களை ஓர் அளவுக்கு மேல் வெட்டிவிடும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. வெட்டிய ஒளி கணக்கிலிருந்தே போய்விடும், அதாவது அது எண்ணைக் குறைக்கும். நிழலை இளக்குவதற்காக யாராவது ஒரு மறைவிளக்கைப் போட்டு மறந்திருந்தால் எண் ஏறும். கேமரா நகர நகர உடனுக்குடன் படம் போடும் நிகழ்நேர எஞ்சின் என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: கேமராவைத் திருப்பிப் பாருங்கள். அதே மேசையின் லக்ஸ் மாறினால், திரையில் தெரியும் பரப்பை மட்டும் வைத்து எதிரொளியைக் கணக்கிடுகிறது என்று பொருள். அந்த எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் அளந்தது புத்தம் புதிய விளக்குகளை. தூசியும் தேய்மானமும் சேர்ந்த பிறகு என்ன மிஞ்சும் என்பதற்கு 0.8 போலப் பராமரிப்புக் காரணி வைத்தால் 340 என்பது 270-க்கு இறங்கிவிடும். உங்கள் வாடிக்கையாளருக்கு உண்மையில் இழப்பு இன்னும் பெரிது.

கதிர்ப்பாதை:
நிறத்தை மாற்றும்போது இன்னொரு பள்ளத்தில் விழாதீர்கள். 50 சதவீதம் திருப்பும் பரப்பு என்று நினைத்து 128 போட்டால், திரை நிற எண்ணை ஒளி அளவாக மாற்றும் எஸ்ஆர்ஜிபி வளைவின்படி அது சுமார் 22 சதவீதம்தான். 50-க்கு ஏறக்குறைய 188 போட வேண்டும். தரைவிரிப்புக்கு 20 சதவீதம் என்று 51 போட்டவரின் தரை கிட்டத்தட்டக் கரிதான், 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வரும்.

மேசைவிளக்கு:
நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கூரை 80 சதவீதம், சுவர் 65, தரை 20. வெட்டும் அமைப்பை நீக்கினேன். மறைவிளக்கு எதுவும் இல்லை. 410 வந்தது. பிறகு நான் விட்டிருந்த தடுப்புகளையும் அலமாரிகளையும் வைத்தேன், 375. அளந்ததைவிட 10 சதவீதம் அதிகம், அதில் மீட்டரின் பிழையும் கொஞ்சம் இருக்கும். இப்போது நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 340 என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டுதானே சுவரை 65 ஆக்கினேன்? விடை தெரியாமல் இருந்திருந்தால் 75 போட்டிருப்பேன், 70 போட்டிருப்பேன், எதையும் தவறு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

கதிர்ப்பாதை:
இந்த இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். விடைக்கேற்ப சுவரைத் திருத்துவது கணிப்பு ஆகாது. ஆனால் அதற்கு மருந்து எண்ணைக் கைவிடுவது இல்லை, சுவரை அளப்பது. மீட்டரைச் சுவரோடு ஒட்டி, முகம் அறையைப் பார்க்க வைத்து ஒரு அளவு எடுங்கள். பிறகு அதே இடத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, நிழல் விழாதபடி ஒரு சாண் பின்னால் நகர்த்தி இன்னொன்று எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பிரதிபலிப்பு தோராயமாகக் கிடைக்கும். ஆய்வுக்கூடத் துல்லியம் இருக்காது, ஆனாலும் ஊகத்தைவிட எவ்வளவோ மேல்.

மேசைவிளக்கு:
செய்கிறேன். ஆனாலும் சோதனை முடிவை வெளியிடாத மென்பொருள் எண்ணைக் காட்டக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. அடுத்த மாதம் இன்னோர் அறை இருக்கிறது. சுவரை அளந்து, விளக்கு மாட்டும் முன்பே என் எண்ணை இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு மீட்டரில் வருவதையும் எழுதுகிறேன், எந்தப் பக்கம் சாய்ந்தாலும்.