மாநிலங்களவை உறுப்பினரின் விவாதப் பங்களிப்பை எதைக் கொண்டு எடைபோடுவது?

செவ்வாய்ப்பேட்டை மாணவன்:
சேலத்தில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். மாநிலங்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய பங்கு குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். வருகை விழுக்காடும் வினாக்களின் எண்ணிக்கையும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அடுக்கினால் கட்டுரை வருகைப் பதிவேடாகிவிடுகிறது. யாரை எடுத்துக்கொள்ளலாம் ஐயா?

அஸ்தம்பட்டி ஆசிரியர் (ஓய்வு):
தம்பி, நம் ஊரிலிருந்து எழுதும்போது அண்ணாவை விடுவானேன்? நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய தீர்மானத்தை அவர் கொண்டுவந்தது 1944 ஆகஸ்டில், சேலம் மாநாட்டில்தான். 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அவர், அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்று, மே 1 அன்று குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது பேசினார். கன்னிப்பேச்சில், அதாவது அவையில் ஆற்றும் முதல் உரையில், குறுக்கிடக் கூடாது என்பது மரபு. ஆனால் திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டவரை அவை அப்படி விட்டுவிடவில்லை. அந்தக் குறுக்கீடுகளையும் அவற்றுக்கு அவர் அளித்த மறுமொழிகளையும் சேர்த்துப் படியுங்கள். மேற்கோள் நூல்களில் வரும் நான்கு வரி போதாது. 1963 ஜனவரியில், பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க வந்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து அவர் பேசியதையும் தவறவிடாதீர்கள்.

ஏற்காடு வழக்கறிஞர்:
ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் அண்ணாவின் உரைகளைப் பற்றி எழுதாதவர் யார்? தி.மு.க.வின் திருச்சி சிவாவை எடுத்துக்கொள்ளலாம். திருநர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அரசே சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டும் அவர் இணங்கவில்லை. பொதுவாக இத்தகைய மசோதாக்கள் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் பேசப்பட்டு, அமைச்சரின் உறுதிமொழியோடு திரும்பப் பெறப்படுவதே வழக்கம்; 1970க்குப் பிறகு ஒன்றுகூட இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாணவன்:
நன்றி ஐயா. ஆனால் அந்த மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. அண்ணா எதிர்த்த திருத்தமோ நிறைவேறிவிட்டது. தோல்வியைப் பங்களிப்பு என்று எழுதினால் நடுவர்கள் ஏற்பார்களா?

ஏற்காடு வழக்கறிஞர்:
ஏற்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. சிவாவின் மசோதாவை, திருநர் உரிமைகளுக்காக அரசே கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரிவு பிரிவாக ஒப்பிடுங்கள். கல்வியிலும் அரசுப் பணியிலும் இரண்டு விழுக்காடு இடஒதுக்கீடு முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. அரசின் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அதை விரிவாக ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவரும் சிவாதான். அக்கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. 2015, 2019 ஆகிய இரு விவாதங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்த வாதத்தை அரசு ஏற்றது, எதைக் கைவிட்டது என்பது புலப்படும். கட்டுரைக்கு அது ஒன்றே போதும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் (ஓய்வு):
சரியான வழி, என் ஓட்டும் இப்போது சிவாவுக்கே. 1952 முதலான நடவடிக்கைக் குறிப்புகள் மாநிலங்களவை இணையத்தளத்தில் உள்ளன. உறுப்பினர் பெயரை மட்டும் இட்டுத் தேடாமல், விவாதம் நடந்த நாளின் முழுக் குறிப்பையும் எடுங்கள் தம்பி. அமைச்சரின் பதில் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்.