விளக்குக் கட்டுப்பாட்டு பேனல்: கான்டாக்டரா, ரிலேயா, டாலியா?

மேல்மாடி:
நான்கு மாடி அலுவலகக் கட்டடம், முழுக்க எல்இடி. மாடிப்படி, நடைவழி, கார் நிறுத்தம், வெளிவிளக்கு எல்லாம் சேர்த்து சுமார் 40 சர்க்யூட். கான்டாக்டரும் (பெரிய லோடை இணைக்கும் மின்காந்த சுவிட்சு) டைமரும் போதும் என்கிறார் ஒருவர், ஒவ்வொரு சர்க்யூட்டையும் சிறு மின்சமிக்ஞையால் இயங்கும் சுவிட்சான ரிலேயால் இயக்கும் பேனல்தான் சரி என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கட்டடம் முழுக்க டாலி (DALI, விளக்குகளுக்கு முகவரி கொடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு) போடச் சொல்கிறார். பராமரிப்பு என் பொறுப்பு. எதைப் பார்த்து முடிவு செய்வது?

செம்புக்கம்பி:
எல்லாவற்றுக்கும் ஒரே முறை வேண்டியதில்லை. சர்க்யூட் பட்டியலை எடுத்து, எது எரிந்து அணைந்தால் போதும், எதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று முதலில் குறியுங்கள். கார் நிறுத்தத்துக்கும் நடைவழிக்கும் ரிலே தாராளம்.

ஆனால் ரிலேயின் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவருக்குள் கப்பாசிட்டர் இருக்கிறது. சுவிட்சு போட்டதும் அது நிரம்புவதற்காக, வழக்கமான கரண்டைவிடப் பல மடங்கு ஒரே இழுப்பாக இழுக்கும். ஒரு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும், ஆனால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ள அதுவே போதும். ஒட்டிக்கொண்டால் டைமர் என்ன சொன்னாலும் விளக்கு அணையாது. டிரைவரின் தகவல் தாளில் இந்த உச்ச கரண்டும் அது நீடிக்கும் நேரமும் இருக்கும். ஒரு எம்சிபியில் (கரண்ட் அதிகமானால் தானாகத் துண்டிக்கும் சுவிட்சு) எத்தனை டிரைவர் போடலாம் என்பதையும் பலர் தருகிறார்கள். அந்தத் தாளைப் பேனல் செய்பவரிடம் கொடுத்து, இதைத் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். ஏசி மின்னழுத்த அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது இணைக்கும் ரிலே கிடைத்தால் இன்னும் நல்லது.

மேல்மாடி:
எழுதி வாங்குகிறேன். கரண்ட் போய் வந்தால் மாடிப்படி விளக்கு என்ன ஆகும்?

செம்புக்கம்பி:
கேட்க வேண்டிய கேள்வி. லாட்சிங் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். அணைந்திருந்தால், கரண்ட் வந்த பிறகும் இருட்டுதான். மாடிப்படிக்கும் வெளியேறும் வழிக்கும், கட்டுப்பாட்டு சப்ளை போனால் தானாக இணைந்து விளக்கை எரியவிடும் ரிலே வேண்டும். அவசர விளக்கு சர்க்யூட்டைத் தனியாகவே வையுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அப்புறம், பேனல் கதவிலேயே கையால் இயக்கும் சுவிட்சு இருக்கட்டும். கன்ட்ரோலர் கெட்டுப்போன இரவில் உங்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இரவுப்பணி:
டாலி பற்றி நான் சொல்கிறேன். கூட்ட அறைகளுக்கும் ஜன்னலோர மேசைகளுக்கும் அது அருமை. ஒரு லைனில் 64 முகவரிதான், அதை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கேபிள் 300 மீட்டரைத் தாண்டக் கூடாது. விளக்கு அணைந்திருந்தாலும் டிரைவர் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்த சர்க்யூட்டின் மின்சாரத்தையே துண்டிக்க, அதற்கு முன்னால் ஒரு ரிலே நல்லது. வேலை முடிந்ததும் புரோகிராம் கோப்பையும் பாஸ்வேர்டையும் கையில் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

மேல்மாடி:
சரி, நடைவழிக்கும் கார் நிறுத்தத்துக்கும் ரிலே, கூட்ட அறைக்கு மட்டும் டாலி என்று பட்டியலைத் திருத்தி மூவருக்கும் அனுப்புகிறேன். டிரைவர் தாளையும் இணைக்கிறேன்.