உண்ணிக் காய்ச்சலா, குருதியணுத் தொற்றா?

வணக்கம்.

நாய்களுக்கு உண்ணி மூலம் வரும் நோய்களைப் பொதுவாக 'உண்ணிக் காய்ச்சல்' என்றே வழங்கலாம் என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு நோய்க்குப் போய்விட்டது. மனிதர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸைத்தான் நம் நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அதைப் பரப்புவதோ நாயின் காது மடிப்பில் ஆமணக்கு விதைபோல் உப்பிக் கிடக்கும் உண்ணி அன்று, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு சிற்றுயிரியின் இளம்பருவம். தம் நாய்க்கு 'உண்ணிக் காய்ச்சல்' என்று மருந்துச் சீட்டில் படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தவிர, உண்ணி பரப்பும் நோய்களில் ஒன்றான எர்லிக்கியா நோய் முற்றிய நாய்க்குக் காய்ச்சலே இல்லாமல் மூக்கில் இரத்தம் வடிவதும் உண்டு.

மாற்றாக 'குருதி ஒட்டுண்ணி நோய்' என்ற பெயரை எடுத்துக்கொண்டால், அது காதுக்கு இனிமையானது. உண்ணியும் ஒட்டுண்ணியும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் ஆயிற்றே. ஆனால் உண்ணி பரப்பும் இன்னொரு நோய்க்கிருமியும் ஓரணு உயிரியுமான பபீசியாவுக்கு அது பொருந்தும் அளவுக்கு, பாக்டீரியாவான எர்லிக்கியாவுக்குப் பொருந்தாது. பின்னதற்கு டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள், முன்னதற்கு டிமினசீன் ஊசி போடுகிறார்கள். மருந்தே வேறாக இருக்கும்போது இரண்டையும் ஒட்டுண்ணி என்று ஒரே கூட்டில் அடைப்பது மாணவரைக் குழப்பும். 'உண்ணிக்கடி நோய்' என்பதும் நிற்காது, ஏனெனில் எப்பட்டோசூன் என்ற ஓரணு உயிரியின் தொற்று கடியால் வருவதில்லை. நாய் தன் உடம்பைக் கவ்விச் சொறியும்போது உண்ணியை விழுங்கிவிடுவதால் வருகிறது.

சொல்லைத் தேடவேண்டிய இடம் நுண்ணோக்கியின் அடியில் என்று எனக்குத் தோன்றுகிறது. காது ஓரத்தில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால், சிவப்பணுவுக்குள் பபீசியா கண்ணீர்த்துளி வடிவில் இரட்டை இரட்டையாக அமர்ந்திருக்கும்; ஒருவகை வெள்ளணுவுக்குள் எர்லிக்கியா முசுக்கொட்டைப் பழம்போலத் திரண்டிருக்கும்; எப்பட்டோசூன் வேறுவகை வெள்ளணுவிலும், அனப்பிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் ஒரு சிற்றினம் இரத்தம் உறைய உதவும் தட்டணுவிலும் குடியிருக்கும். உயிரிகள் வெவ்வேறு குலத்தவை என்றாலும், குடியிருப்பது இரத்த அணுக்களுக்குள்தான். ஆகவே 'உண்ணிவழிக் குருதியணுத் தொற்று' என்பதைப் பொதுப்பெயராக முன்வைக்கிறேன். 'அணு' என்ற உறுப்பை நீக்கிச் சுருக்கக் கூடாது. வெறும் 'குருதித்தொற்று' என்றால், தொற்று முற்றி உடல் முழுவதும் பாதிக்கும் செப்சிஸ் என்று பொருள்பட்டுவிடும்.

தனி நோய்களுக்கு இடுபெயரையே வைத்துக்கொண்டு பபீசிய நோய், எர்லிக்கிய நோய் என்று எழுதலாம். பாபெஷ், எர்லிக் என்ற இரு அறிவியலாளர்களின் பெயர்களிலிருந்து வந்தவை அவை. ஆட்பெயரைத் தமிழாக்க முனைவது வீண்வேலை. சிற்றினப் பெயர்களையும் தொடவேண்டாம் என்பேன். பபீசியா கிப்சனியை 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர் விவரித்தது மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களிலும் பிறகு நரியிலும் கண்டுதான். நம் ஊர் நாயில் கண்டதென்பதற்காக அதற்குத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டினால், ஆய்வுக்கட்டுரைகளில் தேடுபவருக்கு அது அகப்படாது.

'குருதி' பேச்சில் இல்லாத சொல் என்ற மறுப்பு நியாயமானது. பாடநூலுக்குக் குருதியணு இருக்கட்டும். மருந்தகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பில் 'உண்ணியால் வரும் இரத்த அணுத் தொற்று' என்று விரித்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.